உலையில் வெந்தவனை அடுப்பில் வெந்ததாக எழுதும் காப்பீடு

என் தம்பியின் வலது கையில் மூன்று விரல்கள் நிமிராது. தோள் முதல் மணிக்கட்டு வரை தோல் சுருங்கி இழுத்துக்கொண்டிருக்கிறது. அவனுடைய மருத்துவமனைக் காகிதத்தில் காயத்துக்கான காரணம் என்ற இடத்தில், வீட்டில் மண்ணெண்ணெய் ஸ்டவ் வெடித்ததால் என்று எழுதியிருக்கிறது. எங்கள் வீட்டில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வே கிடையாது.

அவன் வெந்தது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உள்ள ஓர் இரும்பு ஆலையின் உலைவாயில். மழைக்காலம், இரவு ஷிப்ட். வெளியில் குவித்திருந்த ஸ்கிராப் நனைந்திருந்தது. ஈரமான ஸ்கிராப்பை அப்படியே உலையில் போட்டால் அந்த ஈரம் ஒரு நொடியில் ஆவியாகி, உருகிய இரும்பை மேலே தூக்கி எறியும். உலையடியில் வேலை செய்யும் எல்லோருக்கும் இது தெரியும். சூப்பர்வைசருக்கும் தெரியும். காயவைக்க நேரமில்லை, உற்பத்திக் கணக்கு காட்ட வேண்டும், போடு என்றார்கள். போட்டான். அப்போது அவனுக்கு வயது 24.

தீக்காயம் என்றால் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பது எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கான்ட்ராக்டர் அங்கே கொண்டுபோகவில்லை. அங்கே போனால் விபத்துப் பதிவேட்டில் ஏறும், காவல் நிலையத்துக்குத் தகவல் போகும், அதன் பின்னால் தொழிலகப் பாதுகாப்பு அதிகாரி ஆலைக்குள் வருவார். அதனால் காப்பீட்டுத் திட்டத்தில் இருக்கும் ஒரு தனியார் மருத்துவமனைக்கு வேனில் ஏற்றிக்கொண்டு போனார். எங்கள் அம்மாவை வரச் சொன்னார். அவர் முதலில் கேட்டது பிள்ளையின் பெயரையோ இரத்த வகையையோ அல்ல. "ஏம்மா, சி.எம். கார்டு இருக்கா?"

இருந்தது. அம்மா கொடுத்தார். "ஸ்டவ் வெடிச்சிதுன்னு சொல்லு. கம்பெனி பேரை எடுத்தா கார்டு செல்லாதுன்னுடுவாங்க, அப்புறம் லட்சக்கணக்குல நீதான் கட்டணும்" என்றார் அவர். அம்மாவைவிட வயதில் பத்து வருடம் இளையவர். ஊர்த்தெருக்காரர் என்பதால் 'நீ' என்று பேசினார், காலனிக்காரி என்பதால் அம்மா 'சரிங்க' என்றார்.

அட்டை காப்பாற்றியது, யாரை?

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த அட்டை இல்லாவிட்டால் என் தம்பி பிழைத்திருக்க மாட்டான். இரண்டு முறை தோல் ஒட்டு அறுவைச் சிகிச்சை நடந்தது. நாங்கள் கையிலிருந்து கட்டியது குறைவு. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடந்துவரும் இந்த ஏற்பாட்டை, ஏழைக்கு எதற்கு இலவசம் என்று பேசும் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டு நான் தாக்கப் போவதில்லை. சிகிச்சைக்காகத் தாலியையும் ஆட்டையும் விற்ற தலைமுறை எங்களுடையது.

என் கேள்வி வேறு. அந்த அட்டை யாருடைய கடனை அடைத்தது?

ஆலைக்குள் நடந்த விபத்துக்கு ஆலைதான் பொறுப்பு. அந்தப் பொறுப்புக்காகவே ஈ.எஸ்.ஐ. என்ற காப்பீடு இருக்கிறது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் தொழிலாளிக்காக முதலாளி 3.25 விழுக்காடும் தொழிலாளி 0.75 விழுக்காடும் கட்ட வேண்டும். என் தம்பிக்கு நாள் கூலி 450 ரூபாய். 26 நாளுக்கு 11,700. இதற்கு முதலாளி கட்ட வேண்டிய பங்கு மாதம் 380 ரூபாய். தம்பியின் பங்கு 88 ரூபாய். அந்த 380 ரூபாயை மிச்சம் பிடிப்பதற்காக அவன் பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏற்றப்படவில்லை. இரண்டு வருடம் வேலை செய்தவனிடம் இருந்தது ஒரு கேட் பாஸ் மட்டும். அதையும் விபத்து நடந்த இரவே சட்டைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

அவன் இழந்தது என்ன என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஈ.எஸ்.ஐ.யில் இருந்திருந்தால், வேலைக்குப் போக முடியாமல் கிடந்த ஏழு மாதத்துக்கும் கூலியில் 90 விழுக்காடு வந்திருக்கும். மாதம் சுமார் 10,500 ரூபாய், மொத்தம் 73,000க்கு மேல். அதன்பிறகு மருத்துவக் குழு அவன் சம்பாதிக்கும் திறனில் எத்தனை விழுக்காடு போயிற்று என்று பார்க்கும். 30 விழுக்காடு என்று வைத்தால்கூட மாதம் சுமார் 3,150 ரூபாய், அவன் உயிரோடு இருக்கும் வரை. 24 வயதில் கை போனவனுக்கு 60 வயது வரை மட்டும் கணக்கிட்டால் 13 லட்சத்துக்கு மேல்.

அவனுக்குக் கிடைத்தது 15,000 ரூபாய். அதற்கு ஒரு முத்திரைத்தாளில் அம்மாவின் கைநாட்டு. அப்படி உரிமையை எழுதி வாங்கும் பத்திரம் சட்டத்தின் முன் செல்லாது என்று பிறகுதான் தெரிந்துகொண்டோம். ஆனால் பத்திரம் செல்லாது என்று சொல்லி என்ன செய்வது? காயம் வேலையிடத்தில் பட்டது என்பதற்கு ஆதாரம் வேண்டுமே. ஆதாரம் சொல்ல வேண்டிய காகிதத்தில் ஸ்டவ் வெடித்திருக்கிறது.

ஆக, அரசின் காப்பீட்டு உதவி என் தம்பியின் உயிரைக் காப்பாற்றியது. அதே கையெழுத்தில் ஆலை முதலாளியை வழக்கிலிருந்தும், இழப்பீட்டிலிருந்தும், ஆய்விலிருந்தும் காப்பாற்றியது. மக்கள் வரிப்பணம் பிரீமியமாகக் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகிறது. அங்கிருந்து தனியார் மருத்துவமனைக்குப் போகிறது. முதலாளி கட்ட வேண்டிய பில் அடைகிறது. இதற்கு ஏழைக்கான உதவி என்று பெயர்.

இரண்டு பொய்கள்

இன்னொரு கொடுமை இருக்கிறது. 2022 முதல் இந்தத் திட்டத்துக்கான வருமான வரம்பு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். அதற்கு முன் 72,000. என் தம்பியின் கூலியை மட்டும் 12 மாதத்துக்குப் பெருக்கினால் 1,40,400 ரூபாய் வருகிறது. அம்மாவின் நூறு நாள் வேலைக் கூலியைச் சேர்க்கவே இல்லை. உண்மையைச் சொன்னால் எங்கள் குடும்பம் அந்த அட்டைக்குத் தகுதியே இல்லாதது. அம்மா எப்போதோ வாங்கிய வி.ஏ.ஓ. சான்றில் ஆண்டு வருமானம் 48,000 என்று இருந்ததால் அட்டை கிடைத்தது.

மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் ஒரு குடும்பம் சம்பாதித்துவிட்டால் அது ஏழை இல்லையாம். கவரைப்பேட்டையிலோ புதுவாயலிலோ ஓர் அறை வாடகைக்கு எடுத்து, ரேஷன் அரிசி போக மீதியை வாங்கி, இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்துப் பாருங்கள், அந்தப் பத்தாயிரம் எத்தனை நாள் வருகிறது என்று தெரியும்.

ஆக, அட்டை வேண்டுமென்றால் நாங்கள் சம்பாதிக்கவில்லை என்று ஒரு பொய் சொல்ல வேண்டும். அந்த அட்டையைப் பயன்படுத்த வேண்டுமென்றால் நாங்கள் வேலையே செய்யவில்லை என்று இன்னொரு பொய் சொல்ல வேண்டும். இரண்டு பொய்யையும் சொல்லவைப்பது ஊர்க்காரர்கள். இரண்டுக்கும் குற்றவாளியாக நிற்பது காலனிக்காரர்கள். நாளைக்கே யாராவது ஒரு அதிகாரி, போலிச் சான்று கொடுத்துக் காப்பீடு பெற்றவர்கள் என்று எங்கள் தெருவைக் கைகாட்ட முடியும்.

அந்த வருமானச் சான்றை வாங்குவதும் எளிது என்று நினைக்காதீர்கள். வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கு ஒரு நாள், தாலுகா அலுவலகத்துக்கு ஒரு நாள், திருவள்ளூர் கலெக்டர் ஆபீசில் படம் எடுக்க இரண்டு பஸ் மாறி இன்னொரு நாள். மூன்று நாள் கூலி போகும். இதே கும்மிடிப்பூண்டி ஒன்றியத்தில்தான் 2020 ஆகஸ்ட் 15 அன்று ஆத்துப்பாக்கம் ஊராட்சித் தலைவர் அமிர்தம் தேசியக் கொடி ஏற்றுவது தடுக்கப்பட்டது. அவர் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர், ஆனால் தலித் பெண். செய்தி வெளியே வந்தபின் மாவட்ட ஆட்சியர் நேரில் வந்து நின்றுதான் அவரால் கொடி ஏற்ற முடிந்தது. தலைவருக்கே இந்த நிலை என்றால், சான்றுக்காக வாசலில் நிற்கும் கூலிக்காரியின் நிலை என்ன என்று சொல்ல வேண்டுமா?

அவர்களுக்கு உதவி, எங்களுக்குச் சான்று

காப்பீட்டுக்கு அரசு உதவுவது ஏழைகளுக்கு மட்டும்தான் என்று நினைப்பவர்கள் கொஞ்சம் வருமான வரிச் சட்டத்தைப் பாருங்கள். பழைய வரிமுறையில் அதற்கென்று ஒரு பிரிவு இருக்கிறது. சொந்தமாக மருத்துவக் காப்பீடு வாங்குகிறவர் கட்டும் பிரீமியத்தில் 25,000 ரூபாய் வரைக்கும், மூத்த குடிமக்களுக்கு 50,000 வரைக்கும் வரிக் கழிவு உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல், தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. முழுவதும் நீக்கப்பட்டது. இதுவும் அரசு விட்டுக்கொடுக்கும் பணம்தான். இதற்கு எந்த வி.ஏ.ஓ.விடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. இதை யாரும் இலவசம் என்று கேலி செய்வதும் இல்லை.

2024 அக்டோபரில் ஒன்றிய அரசு, 70 வயது நிரம்பியவர்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் ஆயுஷ்மான் பாரத்தில் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு கொடுக்கத் தொடங்கியது. கோடீஸ்வரருக்கும் வருமானச் சான்று தேவையில்லை. முதியோருக்கு மருத்துவம் கிடைப்பதில் எனக்கு வருத்தமில்லை. உலையடியிலும் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் உடம்பைத் தேய்த்த எங்கள் தெருவில் 70ஐத் தொட்டவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம் என்பதுதான் வருத்தம்.

வருமான வரம்பை எடுத்தால் திட்டம் தாங்காது என்று சொல்லாதீர்கள். இதே முதலமைச்சர் காப்பீட்டில், முகாம்களில் வாழும் ஈழத் தமிழர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. கும்மிடிப்பூண்டி முகாமில் உள்ள சொந்தங்களுக்கு அது கிடைக்கிறது. சரியானது. மனம் வைத்தால் வரம்பை எடுக்க அரசுக்குத் தெரியும் என்பதற்கு அதுவே சாட்சி.

கேட்டது உரிமை, கொடுத்தது காப்பீடு

எங்கள் தம்பியின் கதையைத் தனிக்கதையாகப் பார்க்காதீர்கள். உரிமையைக் கேட்டால் காப்பீட்டைக் கையில் கொடுத்து அனுப்புவது இப்போது ஆட்சி முறையாகிவிட்டது.

2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கேட்டது என்ன? தனியாரிடம் எங்களை ஒப்படைக்காதே, பணி நிரந்தரம் செய். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் அவர்களைக் குண்டுக்கட்டாகத் தூக்கினார்கள். மறுநாள் அமைச்சரவை கூடித் தூய்மைப் பணியாளர் நலனுக்கென்று திட்டங்களை அறிவித்தது. அதில் காலை உணவு இருந்தது, 10 லட்சம் ரூபாய் காப்பீடு இருந்தது, தொழில்சார் நோய்க்குச் சிகிச்சை இருந்தது. பணி நிரந்தரம் மட்டும் இல்லை.

ஒன்றிய அரசும் இதைத்தான் செய்கிறது. மலக்குழிக்குள் மனிதனை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். குற்றம் செய்தவர்களைச் சிறையில் தள்ளுவதற்குப் பதிலாக, நமஸ்தே என்ற திட்டத்தின் கீழ் கழிவுநீர்த் தொழிலாளர்களுக்கு ஆயுஷ்மான் அட்டை கொடுக்கிறது. குழியிலிருந்து வெளியே வருவதற்கு வழி கேட்டால், குழிக்குள் நிற்பவன் கையில் ஓர் அட்டை.

ஆலைக்குள் சாதிக்கு வேறு பெயர் இருக்கிறது. கம்பெனி ரோல், கான்ட்ராக்ட். கம்பெனி ரோலில் இருப்பவர் ஏ.சி. அறையில் திரை பார்த்து உலையை இயக்குவார். உலைவாயில் நிற்பது, கசடு தள்ளுவது, ஸ்கிராப் வெட்டுவது எல்லாம் கான்ட்ராக்ட். நான் பார்த்த வரையில் அங்கே நிற்பவர்கள் சுற்றுவட்டாரக் காலனிகளைச் சேர்ந்தவர்கள், இல்லையென்றால் பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். அவர்களிடம் ஊர் கேட்டு, பிறகு பேர் கேட்டுப் பாருங்கள். அங்கேயும் அவர்கள் சேரிக்காரர்கள்தான், பழங்குடிகள்தான். நேற்றுவரை பண்ணையாளுக்கு ஆண்டை கூழ் ஊற்றினான். இன்று அட்டை கொடுக்கிறான். கூழுக்கும் அட்டைக்கும் பொதுவான ஒன்று உண்டு: இரண்டையும் கணக்குக் கேட்க முடியாது.

ஈ.எஸ்.ஐ. அப்படிப்பட்டதல்ல, அது உரிமை. அது யாரும் கருணையால் போட்ட பிச்சையும் அல்ல. அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். அந்தக் காலத்தில்தான், 1943இல், தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்குத் திட்டம் தீட்டப் பேராசிரியர் அதார்கர் நியமிக்கப்பட்டார். 1944இல் அவர் அறிக்கை கொடுத்தார். அதிலிருந்து 1948இல் சட்டம் பிறந்தது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது. பெயர் மாறினாலும் அடிப்படை மாறவில்லை. கான்ட்ராக்டர் கட்டாவிட்டால் முதன்மை முதலாளி, அதாவது ஆலைக்காரர், முதலில் கட்ட வேண்டும், பிறகு கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளலாம். வேலையிட விபத்துக்கு, இத்தனை நாள் பணம் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. வேலையில் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு.

அண்ணலின் படத்துக்கு ஏப்ரல் 14இல் மாலை போடும் ஆலைகள் சிப்காட்டில் இருக்கின்றன. அவருடைய துறை வித்திட்ட காப்பீட்டில் தொழிலாளியின் பெயரை எழுது என்று சொன்னால்தான் அவர்களுக்குக் கை நடுங்குகிறது.

என்ன செய்ய வேண்டும்?

இப்படியெல்லாம் பேசினால் இருக்கிற அட்டையும் போய்விடும் என்று எங்கள் தெருவிலேயே சிலர் சொல்கிறார்கள். அவர்களுடைய பயம் எனக்குப் புரிகிறது. அட்டையைப் பிடுங்கு என்று நான் கேட்கவில்லை. ஆலையின் கடனை எங்கள் அட்டையில் எழுதாதே என்கிறேன்.

தமிழ்நாடு அரசிடம் கேட்பது இதுதான். தீக்காயம், நசுங்கல், எலும்பு முறிவு என்று காப்பீட்டில் வரும் ஒவ்வொருவரிடமும், காயம் எங்கே பட்டது, எங்கே வேலை செய்கிறீர்கள் என்று கான்ட்ராக்டர் இல்லாத இடத்தில் வைத்துக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். வேலையிடம் என்று சொன்னால் சிகிச்சையை ஒரு நிமிடமும் நிறுத்தக் கூடாது. செலவை ஆலையிடம் வசூலிக்க வேண்டும். தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்துக்கும் ஈ.எஸ்.ஐ. கழகத்துக்கும் அன்றே தகவல் போக வேண்டும்.

சிப்காட்டில் ஈ.எஸ்.ஐ. எண் அச்சிடாத கேட் பாஸ் செல்லாது என்று ஆக்க வேண்டும். எண் இல்லாத ஒருவர் ஆலைக்குள் இருந்தால் முதன்மை முதலாளி மீது வழக்கு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், ஒப்பந்தத் தொழிலாளர் குடும்பங்களுக்கு வருமானச் சான்று இல்லாமல், ரேஷன் அட்டையை வைத்தே காப்பீடு கொடுக்க வேண்டும். உலைவாய் வேலை ஆண்டு முழுவதும் நடக்கும் வேலை. அதில் ஒப்பந்த முறையே இருக்கக் கூடாது.

தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. கேட் பாஸை இன்றே செல்போனில் படம் எடுத்து வீட்டாருக்கு அனுப்பி வையுங்கள். கூலி போட்ட வங்கிக் கணக்கு, மேஸ்திரி அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, ஷிப்டில் நின்று எடுத்த படம் எதையும் அழிக்காதீர்கள். யாராவது அடிபட்டால் கூடவே இரண்டு பேர் மருத்துவமனைக்குப் போங்கள். சேர்க்கும்போதே ஆலையின் பெயரைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனைக்குப் போக முடிந்தால் அங்கே போங்கள். வேலையிடம் என்று சொன்னால் சிகிச்சை கிடைக்காது என்று மிரட்டுகிறவர், தன் பணத்தைக் காப்பாற்றத்தான் மிரட்டுகிறார். பெயர் பதிவில் இல்லை என்றாலும் தளராதீர்கள். பதிவு செய்யாதது முதலாளியின் குற்றம். கழகம் தொழிலாளிக்குக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

இதெல்லாம் எங்களுக்குத் தெரிவதற்குள் தம்பியின் காகிதம் எழுதி முடிந்துவிட்டது. இப்போது அவன் கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு டீக்கடையில் வேலை செய்கிறான். இடது கையால் டீ ஆற்றக் கற்றுக்கொண்டான். காலை ஷிப்டுக்கு இறங்கும் பையன்கள் அவனிடம்தான் டீ குடிக்கிறார்கள். ஒவ்வொருவனிடமும் அவன் காசு வாங்குவதற்கு முன் ஒன்று கேட்கிறான்: "ஈ.எஸ்.ஐ. நம்பர் போட்டாங்களாடா?"

பெரும்பாலானவர்கள் இல்லை என்று தலையாட்டிவிட்டு, அவசரமாக கேட்டுக்குள் போகிறார்கள்.